விழுந்த வரி வேறு, பிழை இருக்கும் வரி வேறு: சி மொழிக் கால்குலேட்டரில் மெமரி கிராஷைத் தேடிப் பிடிப்பது எப்படி

மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்குக் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி. ராத்திரி பத்து மணிக்கும் கிரேட் (மாங்காய்ப் பெட்டி) கணக்கு போட்டுக்கொண்டிருக்கும் அவருக்காகவே சி மொழியில் ஒரு ஸ்டாக் (அடுக்கு) கால்குலேட்டர் எழுதியிருந்தாள்.

"ரெண்டு வாரமா நல்லா ஓடிட்டிருந்துச்சுங்கண்ணா. மாங்காய் ரகத்தோட பேரைச் சேர்த்ததும் ரெண்டாவது எண்ணிலேயே விழுந்துடுது. பேரை எடுத்துட்டா மறுபடியும் ஓடுது."

"எந்த வரியில விழுது?"

"மல்லாக் வரியிலங்க. ஸ்ட்ரக்ட்டுக்குள்ள அரே வெச்சா மல்லாக் ஒத்துக்காதுங்களா?"

மல்லாக் என்பது புரோகிராம் ஓடும்போது மெமரியில் இடம் வாங்கித் தரும் ஃபங்ஷன். ஸ்ட்ரக்ட் என்பது பல தகவல்களை ஒரே கட்டாக வைப்பது; அரே என்பது ஒரே வகைத் தகவல்களின் வரிசை. சி மொழியில் புதிதாக இறங்குகிற எல்லாரும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். புரோகிராம் எந்த வரியில் விழுகிறதோ அந்த வரியைத்தான் சந்தேகப்படுவோம். மெமரி விஷயத்தில் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தப்பு. எங்கேயோ முன்பே ஒரு வரி தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கும். பிறகு அந்த வழியாக வரும் இன்னொரு வரி அதில் தடுக்கி விழும். தடுக்கி விழுந்தவரை விட்டுவிட்டு, குழி வெட்டியவரைத் தேட வேண்டும். அந்தத் தேடலை அவளுடைய புரோகிராமை வைத்தே காட்டுகிறேன்.

ஒரு சின்ன ஏற்பாடு: கட்டளைகளையும் சி மொழிச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலி மாறாமல் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மேல், புது, அடுத்து, பெயர் என்பவை நான் வைத்த மாறிப் பெயர்கள்.

கால்குலேட்டர் வேலை செய்யும் விதம்

இந்தக் கால்குலேட்டருக்கு எண்களை முதலில் கொடுத்து, குறியைக் கடைசியில் கொடுக்க வேண்டும். 1972இல் வந்த எச்பி-35 கைக் கால்குலேட்டரும் இதே முறைதான். 38 கிரேட், கிரேட்டுக்கு 20 கிலோ, கழிவு 15 கிலோ, கிலோ 22 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தட்ட வேண்டியது இது:

38 20 * 15 - 22 *

எண் வந்தால் அடுக்கின் மேலே வைக்கிறோம்; இது புஷ். குறி வந்தால் மேலிருந்து இரண்டை எடுத்து, இது பாப், கணக்குப் போட்டு விடையை மறுபடி மேலே வைக்கிறோம். 760, பிறகு 745, கடைசியில் 16390. மண்டியில் கிரேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேலே இருப்பதைத்தானே முதலில் இறக்க முடியும், அதே ஒழுங்கு.

அவளுடைய புரோகிராமில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஸ்ட்ரக்ட். அதை நோடு என்போம். அதில் எண் ஒன்று (டபுள் என்ற தசம எண் வகை, 8 பைட்), கீழே இருக்கும் நோடைக் காட்டும் அடுத்து என்ற பாயின்டர், அதாவது மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி, ஒன்று (64 பிட் கணினியில் 8 பைட்). ஆக 16 பைட். அடுக்கின் உச்சியில் இருக்கும் நோடை மேல் என்ற பாயின்டர் காட்டும். புஷ் செய்யும்போது மல்லாக் மூலம் இடம் வாங்குகிறாள். பாப் செய்யும்போது ஃப்ரீ மூலம் திருப்பிக் கொடுக்கிறாள்.

பிறகு வரியின் தொடக்கத்தில் ரகத்தின் பெயரும் வரட்டும் என்று, எண்ணுக்கும் அடுத்துக்கும் நடுவில் 16 பைட் நீளத்தில் பெயர் என்ற கேரக்டர் அரேயை வைத்தாள். இப்போது நோடு 32 பைட்: எண் 0 முதல் 7 வரை, பெயர் 8 முதல் 23 வரை, அடுத்து 24 முதல் 31 வரை. இந்த மூன்று இடங்களையும் ஒரு தாளில் கட்டம் போட்டு வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருவதெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்தால்தான் விளங்கும்.

எப்படி விழுந்தது என்று முதலில் பாருங்கள்

கோடைத் திறந்து அங்குமிங்கும் மாற்றத் தொடங்க வேண்டாம். லினக்ஸில் புரோகிராம் விழுந்த உடனே எக்கோ டாலர் கேள்விக்குறி என்று தட்டினால் ஓர் எண் வரும். 128ஐக் கழித்தால் எந்த சிக்னல், அதாவது புரோகிராமை நிறுத்தச் சொல்லி வந்த எந்தச் செய்தி, கொன்றது என்று தெரியும்.

139 வந்தால் சிக்னல் 11, செக்மென்டேஷன் ஃபால்ட்: புரோகிராமுக்கு உரிமையில்லாத முகவரியைத் தொட்டிருக்கிறது. 134 வந்தால் சிக்னல் 6, அபார்ட்: மல்லாக், ஃப்ரீ இருக்கும் சி நூலகமே தன் கணக்குப் புத்தகம் கெட்டிருப்பதைப் பார்த்து நிறுத்திவிட்டது. 136 வந்தால் மெமரியை விட்டுவிடுங்கள். அது சிக்னல் 8, இன்டிஜரைப் பூஜ்யத்தால் வகுத்திருப்பீர்கள். ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸெப்ஷன் என்று திரையில் வந்தாலும் டபுளில் பூஜ்யத்தால் வகுத்தால் இது வராது, இன்ஃபினிட்டிதான் விடையாக வரும்.

அவளுக்கு வந்தது 134. அந்த ஓர் எண்ணே பாதி வழியைக் காட்டிவிட்டது. மல்லாக் விழவில்லை, மல்லாக் புகார் கொடுத்திருக்கிறது.

இன்னொன்று. "இந்த பிரின்ட்எஃப் வரைக்கும்கூட வரலங்கண்ணா" என்று பலர் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். பிரின்ட்எஃப் எழுதுவது ஒரு பஃபரில் தங்கி, பிறகுதான் திரைக்கு வருகிறது. வரி முடிவுக் குறி போடாமல் விட்டால் புரோகிராம் விழும்போது அந்த எழுத்தும் சேர்ந்து போய்விடும். தேடுவதற்காக அச்சிடுவதை எப்போதும் பிழைச் செய்திகளுக்கான எஸ்டிடிஎர் என்ற தனி வழிக்கு அனுப்புங்கள், அது தங்காது.

சரியாக கம்பைல் செய்யுங்கள்

விண்டோஸ் லேப்டாப் என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக உபுண்டு போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலைக்குத் தேவையான கருவிகள் அங்கே எளிதாகக் கிடைக்கும். பிறகு கட்டளை இது:

ஜிசிசி -ஜி -டபிள்யூஆல் -டபிள்யூஎக்ஸ்ட்ரா -எஃப்சானிடைஸ்=அட்ரஸ் கணக்கு.சி -ஓ கணக்கு

-ஜி போட்டால்தான் அறிக்கையில் வரி எண் வரும். நடுவில் இருக்கும் இரண்டும் எச்சரிக்கைகளுக்கு. வருகிற எச்சரிக்கை ஒவ்வொன்றையும் சரி செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அவற்றுக்கு அடுத்து இருப்பது அட்ரஸ் சானிடைசர் என்ற கருவிக்கு. மல்லாக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் இரு பக்கமும் தொடக்கூடாத வரப்பு ஒன்றை விடும். வரப்பில் கால் வைத்த கணமே புரோகிராமை நிறுத்தி, எந்த வரி என்று சொல்லும். வேகம் ஏறக்குறைய பாதியாகும். கால்குலேட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எட்டு பைட் கதை

அவள் புரோகிராமை இப்படி கம்பைல் செய்து ஓட்டினோம். ஒரே ஓட்டத்தில் அறிக்கை வந்தது. நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், மூன்று இடத்தைப் பார்த்தால் போதும். முதல் வரியில் பிழையின் வகை: ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ, அதாவது மல்லாக் கொடுத்த துண்டின் எல்லையைத் தாண்டியது. அதற்குக் கீழே தொட்ட இடத்தின் அழைப்பு வரிசை. உச்சியில் நூலகத்தின் பெயர் இருக்கலாம். அதைத் தாண்டி, உங்கள் கோப்பின் பெயர் முதலில் வரும் வரியைப் பிடியுங்கள். மூன்றாவது, அந்த மெமரி எங்கே வாங்கப்பட்டது, எத்தனை பைட் என்ற தகவல்.

அந்த மூன்றாவது இடத்தில் இருந்தது: 8 பைட் துண்டு.

"நோடு எத்தனை பைட்டும்மா?"

"முப்பத்திரெண்டுங்க." கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மல்லாக் வரிக்குப் போனாள். அங்கே இப்படி இருந்தது:

புது = மல்லாக்(சைஸ்ஆஃப்(புது));

புது என்பது பாயின்டர். அதன் அளவு 8. கேட்டிருக்க வேண்டியது அது காட்டும் பொருளின் அளவு:

புது = மல்லாக்(சைஸ்ஆஃப்(*புது));

ஒரு நட்சத்திரக் குறி விடுபட்டிருக்கிறது. ஆனால் அவள் கேட்ட அடுத்த கேள்விதான் முக்கியம். "அப்ப ரெண்டு வாரம் எப்படிங்கண்ணா ஓடுச்சு?"

லினக்ஸில் இருக்கும் ஜிலிப்சி நூலகம், 64 பிட்டில், எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் குறைந்தது 24 பைட் பயன்படுத்தக்கூடிய இடத்தைக் கொடுத்துவிடும். 8 கேட்டாள், 24 கிடைத்தது. பழைய நோடு 16தான், உள்ளே அடங்கிவிட்டது. பிழை முதல் நாளிலிருந்தே இருந்தது, நூலகம் தந்த உபரி இடம் அதை மறைத்து வைத்திருந்தது.

பெயரைச் சேர்த்ததும் நோடு 32 ஆனது. அடுத்து என்ற பாயின்டர் 24ஆவது பைட்டில் தொடங்குகிறது என்று வரைந்தோமே, அங்கேதான் நூலகம் பக்கத்துத் துண்டின் அளவைக் குறித்து வைத்திருக்கிறது. முதல் நோடுக்குக் கீழே எதுவும் இல்லாததால் அடுத்து என்பதில் நல், அதாவது பூஜ்யம் எழுதினாள். அந்தப் பூஜ்யம் போய் விழுந்தது, மிச்சம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நூலகம் குறித்திருந்த எண்ணின் மேல். இரண்டாவது எண்ணுக்காக மல்லாக் போய்ப் புத்தகத்தைத் திறந்தால், மிச்சம் பூஜ்யம் என்று இருக்கிறது. இது நடக்கவே முடியாத கணக்கு என்று அபார்ட் செய்துவிட்டது. இரண்டாவது எண்ணில் ஏன் விழுந்தது, மல்லாக்கில் ஏன் விழுந்தது, பெயரை எடுத்தால் ஏன் ஓடியது, மூன்றுக்கும் விடை இதிலேயே இருக்கிறது.

எனவே புதிதாகச் சேர்த்ததை எடுத்தால் ஓடுகிறது என்பதால் அதுதான் பிழை என்று முடிவு கட்டாதீர்கள். நானும் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மோட்டார் கன்ட்ரோலர் ஒன்றில் இதேபோல ஒரு வரியை எடுத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அதே பிழை வேறு முகத்தோடு திரும்பி வந்தது.

செந்தூரா பிடிபட்டது, மல்கோவா தப்பியது

நட்சத்திரம் போட்டதும் நீலம் என்ற பெயரோடு கணக்கு சரியாக வந்தது. மல்கோவா என்று கொடுத்ததும் மறுபடி விழுந்தது. இந்த முறை சிக்னல் 11. விழுந்த இடம் முதல் பெருக்கல் குறியில், பாப்புக்குள்.

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். நமக்கு நீ ஓர் எழுத்து. கணினிக்கு ந என்றும் ஈகாரக் குறி என்றும் இரண்டு, ஆக 6 பைட். புள்ளியும் தனிக் கணக்குதான். நீலம்: 5 குறியீடு, 15 பைட், முடிவைக் காட்டும் பூஜ்யத்தோடு 16. அரேயின் நீளமும் 16. நூலிழை பிசகாமல் பொருந்திவிட்டது. மல்கோவா: 7 குறியீடு, 21 பைட், பூஜ்யத்தோடு 22. பெயரை நோடுக்குள் எழுத அவள் பயன்படுத்திய ஸ்டிரிங் காப்பி ஃபங்ஷன் நீளம் பார்க்காது. மீதி 6 பைட்டையும் பெயருக்கு அடுத்த கட்டத்தில், அதாவது அடுத்து என்ற பாயின்டரின் மேலேயே எழுதிவிட்டது. பாப் அந்தப் பாயின்டரைப் பிடித்துக்கொண்டு போனால் அங்கே நோடும் இல்லை, ஒன்றும் இல்லை.

அட்ரஸ் சானிடைசர் ஸ்டிரிங் காப்பியைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை? வரப்பு 32 பைட் துண்டுக்கு வெளியேதான் இருக்கிறது. பெயருக்கும் அடுத்துக்கும் நடுவில் வரப்பு கிடையாது. 8இல் தொடங்கி 22 பைட் எழுதினால் 30க்குள் முடிந்துவிடும். செந்தூரா என்று கொடுத்தால் 25 பைட், 33 வரை போய் வரப்பை ஒரு பைட் மிதிக்கும், உடனே பிடித்துவிடும். அதனால் கருவி பேசாமல் இருப்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. சின்ன உள்ளீடு, அளவுக்குச் சரியான உள்ளீடு, வேண்டுமென்றே மிக நீளமான உள்ளீடு, மூன்றும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஜிடிபி என்ற டீபக்கர், அதாவது பிழை தேடும் கருவி, கைகொடுத்தது. சானிடைசர் இல்லாமல், -ஜி மட்டும் போட்டு கம்பைல் செய்து, ஜிடிபிக்குள் ரன் கொடுத்தோம். விழுந்ததும் பேக்ட்ரேஸ் என்பதன் சுருக்கமாக பி, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்தைத் தட்டினால் எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற வரிசை வரும். பிறகு பிரின்ட் மேல் என்று கேட்டோம். வந்த முகவரியை ஹெக்ஸில், அதாவது 16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில், பார்த்தால் நடுவில் 224, 174 (ஹெக்ஸில் e0, ae) என்ற இரண்டு பைட்டுகள் இடம் மாறி, 174 முதலிலும் 224 அடுத்ததாகவும் உட்கார்ந்திருந்தன. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 224, 174 அல்லது 224, 175 என்றுதான் தொடங்கும். நம் கணினிகள் சின்ன பைட்டை முதலில் வைப்பதால் பாயின்டராகப் படிக்கும்போது வரிசை தலைகீழாகத் தெரியும். ஒரு பாயின்டருக்குள் இந்த ஜோடியைப் பார்த்தால், ஏதோ ஒரு தமிழ்ச் சொல் அதன்மேல் எழுதப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தமிழில் டேட்டா வைத்து வேலை செய்கிற யாரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இது பலமுறை உதவியிருக்கிறது.

திருத்தம் எளிது. பெயருக்கு 64 பைட் கொடுத்து, ஸ்டிரிங் காப்பிக்குப் பதிலாக எஸ்என்பிரின்ட்எஃப் மூலம் சைஸ்ஆஃப்(புது->பெயர்) என்ற எல்லையோடு எழுத வைத்தோம். 64இல் 21 தமிழ்க் குறியீடு அடங்கும்; எந்த மாங்காய்ப் பெயருக்கும் போதும்.

இன்னும் மூன்று குழிகள்

*காலி அடுக்கில் பாப்.* 5 + என்று மட்டும் தட்டுங்கள். ஐந்தை எடுத்த பிறகு இரண்டாவது எண் இல்லை, மேல் என்பது நல். பாப் தொடங்கும்போதே மேல் என்பதில் நல் இருக்கிறதா என்று பார்த்து, பிழைச் செய்தி சொல்லித் திரும்ப வேண்டும். பார்க்கவில்லை என்றால் விழும். விழுந்த முகவரியைக் கவனியுங்கள். முழுப் பூஜ்யமாக இருக்கலாம், அல்லது 8, 24 போன்ற மிகச் சின்ன எண்ணாக இருக்கலாம். சின்ன எண் வந்தால் நல் பாயின்டர் வழியாக ஒரு ஃபீல்டைத் தொட்டிருக்கிறீர்கள்; அந்த எண், ஃபீல்டு ஸ்ட்ரக்ட்டுக்குள் இருக்கும் தூரம். பெயர் 16 பைட்டாக இருந்த நோடில் 24 என்றால் அது அடுத்து. ஹெக்ஸில் 18 என்று காட்டும், மறந்துவிடாதீர்கள். அடுக்கை இப்படிப் பாயின்டரால் கோத்த லிங்க்டு லிஸ்ட்டாக இல்லாமல் அரேயாக எழுதியிருந்தால் இது இன்னும் மோசம்: இண்டெக்ஸ் -1க்குப் போய்ப் பக்கத்து மாறியை மாற்றும், விழாமலேயே தப்பான தொகையைக் காட்டும். மண்டியில் அது விழுவதைவிடக் கெடுதல்.

*திருப்பிக் கொடுத்த பிறகு படிப்பது.* பாப்புக்குள் இப்படி எழுதியிருப்பார்கள்:

ஃப்ரீ(மேல்);
மேல் = மேல்->அடுத்து;

இரண்டாவது வரி, கொடுத்துவிட்ட இடத்தைப் படிக்கிறது. இது சில சமயம் ஓடும், சில சமயம் விழும். ஃப்ரீ ஆன சின்னத் துண்டின் முதல் 16 பைட்டில் இப்போதைய ஜிலிப்சி தன் குறிப்புகளை எழுதிக்கொள்கிறது. 16 பைட் நோடில் அடுத்து அந்த இடத்திலேயே இருப்பதால் கெட்டுவிடும். பெரிய நோடில் அடுத்து அதற்கு அப்பால் இருப்பதால் பழைய மதிப்போடு தப்பிப் பிழைத்து, சரியான கோடு போலவே ஓடும். ஓடினாலும் அது தப்புதான். முதலில் அடுத்ததைத் தனி மாறியில் எடுத்து வையுங்கள், பிறகு ஃப்ரீ, பிறகு மேலை மாற்றுங்கள். சானிடைசர் இதை ஹீப் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ என்று சொல்லும். எங்கே வாங்கியது, எங்கே விடுவித்தது, எங்கே மறுபடி தொட்டது என்று மூன்று வரி எண்ணும் தரும்.

*தொடக்க மதிப்பு கொடுக்காத மேல்.* குளோபலாக, அதாவது எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே, அறிவித்திருந்த வரை மேல் தானாகவே நல் என்ற மதிப்போடு தொடங்கும். நல்ல பழக்கம் என்று அதை மெயினுக்குள் மாற்றியதும் ஏதோ ஒரு குப்பை மதிப்போடு தொடங்கும். அறிவிக்கும்போதே நல் என்று கொடுத்துவிடுங்கள். அட்ரஸ் சானிடைசர் தொடக்க மதிப்பில்லாததைப் படிப்பதைத் தேடாது. அதற்கு வால்கிரைண்ட் என்ற இன்னொரு கருவி வேண்டும்.

கடைசிச் சுற்று: வால்கிரைண்ட்

சானிடைசரையும் வால்கிரைண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. -ஜி மட்டும் போட்டு மறுபடி கம்பைல் செய்து, வால்கிரைண்ட் --லீக்-செக்=ஃபுல் ./கணக்கு என்று ஓட்டுங்கள். மெதுவாகத்தான் போகும். ஃபங்ஷனுக்குள் அறிவித்த அரேயின் எல்லையை இது பார்க்காது, அது சானிடைசரின் வேலை. தொடக்க மதிப்பில்லாததை வைத்து முடிவெடுத்தால் அன்இனிஷியலைஸ்டு என்ற சொல்லோடு வரி எண்ணைச் சொல்லும். அதனால் இரண்டும் வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக.

முடிவில் எத்தனை முறை வாங்கினோம், எத்தனை முறை திருப்பிக் கொடுத்தோம் என்ற கணக்கு வரும். நம் வரியில் 4 எண்கள், 3 குறிகள். எண்ணுக்கு ஒன்று, ஒவ்வொரு விடைக்கும் ஒன்று என்று 7 புஷ். குறிகளுக்கு 6 பாப், கடைசி விடையை எடுக்க ஒன்று, ஆக 7. உள்ளீடு, வெளியீட்டுக்காக நூலகம் எடுத்துக்கொள்வதும் சேர்ந்து எண்ணிக்கை கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம். வாங்கியதும் கொடுத்ததும் சமமா என்பதுதான் கேள்வி. 38 20 என்று தட்டிவிட்டு வெளியே வந்தால் அடுக்கில் இரண்டு நோடு மிச்சம். வெளியேறும் முன் மிச்சத்தைப் பாப் செய்யும் ஒரு லூப் எழுதச் சொன்னேன்.

விழ வைத்த உள்ளீடு எதையும் தூக்கி எறியக் கூடாது. அவள் ஒரு கோப்பு தொடங்கியிருக்கிறாள். 5 +, வெறும் என்டர், 38 20, நீலம், மல்கோவா, செந்தூரா என்று வரி வரியாக. நீளமான கோப்பில் கிராஷ் வந்தால் பாதியை வெட்டிப் பார்க்கிறாள். இன்னும் விழுந்தால் மறுபடி பாதி. விழ வைக்கும் ஒரே வரி மிஞ்சும் வரை. அந்த வரி கோப்பில் சேரும். கோடில் எதை மாற்றினாலும் முழுக் கோப்பும் முதலில் சானிடைசரில், பிறகு வால்கிரைண்டில் ஓடும்.

அன்று மாலை ஐந்தரைக்கு அந்த ஆறு வரியும் ஓடி முடிந்தன. செந்தூரா வரியில் 16390 வந்தது. "அப்பாகிட்ட இன்னிக்கே குடுக்கலாங்களாண்ணா?" என்று கேட்டாள். 9000 எண் கொண்ட கோப்பு ஒன்றையும் ஓட்டிவிட்டுக் கொடு என்றேன்.